ஏழாவது டம்ளர்

தீப்பெட்டியில் மூன்றாவது குச்சியும் பொசுங்கி அணைந்தது. “சனியனே” என்றார் இன்னாசிமுத்து. சொன்ன பிறகுதான் சட்டி அடுப்பில் ஏறியிருப்பது கண்ணில் பட்டது. போச்சு. சட்டி ஏறிவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும், சாறு வற்றி இறக்கும்வரை ஒரு சொல் வரக்கூடாது. அது அவர் பெண்டாட்டி சலேத்மேரியின் வீட்டு வழக்கம். லால்குடிப் பக்கத்து ஆட்கள். படுத்துக் கிடக்கிறவர்களுக்கென்று கோழிச்சாறு வைத்தால், வைக்கிற ஆள் ஊமை. ஏன் என்று கேட்டால் எவனுக்கும் தெரியாது. படுத்திருக்கிறவரையே நினைத்துக்கொண்டு வைக்கணுமாம். வாயைத் திறந்தால் நினைப்பு அந்த வழியாக ஓடிவிடுமாம். நினைப்பு என்ன எலியா? நாற்பத்திரண்டு வருஷமாக இந்த முட்டாள்தனத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தவர், இன்று எழுபத்தொரு வயதில், அவளுடைய நைந்த கரித்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அதே அடுப்படியில் நிற்கிறார். சரி, சட்டி ஏறியதே தவிர அடுப்பு பற்றவில்லையே. பற்றாத அடுப்பில் சட்டி இருந்தால் அது ஏறியதாகுமா? ஆகாது. பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். ஆள் வந்து மெஷின் பக்கத்தில் நின்றாலே வேலை ஆரம்பித்துவிட்டது என்று யூனியன் சார்பில் மேஜையைத் தட்டிப் பேசியவர் அவர்தான். மெஷின் ஓடினால்தான் ஆரம்பம் என்றான் போர்மேன். இன்றைக்குப் போர்மேன் சொன்னதே சரி. நான்காவது குச்சி பற்றியது. நீலமாகத் தீ வளைந்து வந்து சட்டியின் அடியை நக்கியது. இந்த நிமிஷத்திலிருந்து ஊமை. ஆறு டம்ளர் தண்ணீர், வற்றி இரண்டு டம்ளர் ஆகிறவரைக்கும்.

ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். பேசுவதற்கு இந்த வீட்டில் ஆள் யார்? பக்கத்து அறையில் சலேத்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினோரு நாள். இடுப்பில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். கம்பி நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, படத்தைப் பார்த்தார், ஒரு ஃபிட்டர் குறை சொல்ல முடியாத வேலை. அவள்தான் உட்காரவில்லை. கஞ்சி கொடுத்தால் உதட்டை மூடிக்கொள்கிறாள். தண்ணீர் இரண்டு மடக்கு. கேட்டதற்கெல்லாம் ‘ம்’. சில சமயம் அதுவும் கிடையாது. முப்பத்தொன்பது கிலோ. அந்த டாக்டர் பெண், மகள் ரீத்தாவைவிடச் சின்னவள், நேற்றுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நாளன்னிக்குக் காலைல கூட்டிட்டு வாங்க தாத்தா. அதுக்குள்ள வாய் வழியா ஏதாச்சும் எறங்கலேன்னா மூக்குல டியூப் போட்டுருவோம்.” தாத்தாவாம். டியூபாம். சைக்கிளுக்குப் போடுகிற மாதிரி. பெங்களூரிலிருந்து ரீத்தா போனில் அழுதாள், அழுதுகொண்டே யோசனையும் சொன்னாள், “அப்பா, பாக்கெட் சூப் இருக்கு, வெந்நீர்ல கலக்குனாப் போதும், ஆர்டர் போட்டு விடவா?” “போடு, நீயே குடி” என்று வைத்துவிட்டார். வெந்நீரில் கலக்கிக் குடிக்கவா அவள் தாய் இத்தனை வருஷம் ஒரு மணி நேரம் ஊமையாக நின்றாள்? இதை நினைத்ததும் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, அந்த வழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிற ஆளாகிவிட்டோமே என்று. காலையில் சந்தைக்குப் போனார். கோழிக்கடைக்காரன் வெற்றிலை வாயோடு சிரித்தான். “வெடக்கோழியா? முட்டை வைக்காததா? யாரு பெருசு இப்பல்லாம் அதைக் கேக்குறா? பிராய்லர் கால் தரேன், எலும்பே கரைஞ்சுரும்.” “உங்கிட்ட எலும்பைப் பத்திக் கேட்டனா?” “கோவத்தைப் பாரு. வீட்டுல யாருக்கு, புள்ளத்தாச்சியா?” புள்ளத்தாச்சியாம். எழுந்து கக்கூசுக்குப் போக முடியாத அறுபத்தாறு வயதுக்காரிக்கு. தோலோடு வாட்டி வாங்கிவந்து, மஞ்சள் தடவிக் கழுவி, துண்டங்களை எலும்போடு சேர்த்து இடிகல்லில் நசுக்கினார். மிளகு, சீரகம், மல்லி, பூண்டு, உரித்த சின்ன வெங்காயம். வெங்காயம் கண்ணை எரித்தது. வெங்காயம்தான். நசுக்கின எலும்பிலிருந்து ரத்தமாக ஒரு சொட்டு அவர் முழங்கைக்கு வந்து நின்றது. இடுப்பெலும்பும் இப்படித்தான் நசுங்கியிருக்குமா? சத்தம் வந்திருக்குமா? வந்திருந்தால்... வேண்டாம். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இரண்டு டம்ளர் என்பது இந்தச் சட்டியில் எவ்வளவு உயரம் என்று முதலிலேயே அளந்து வைத்திருந்தார். வெறும் சட்டியில் இரண்டு டம்ளர் ஊற்றி ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினார். முப்பத்தொரு மில்லிமீட்டர். சலேத்து எதையும் அளந்ததில்லை, எதை வைத்துத்தான் இறக்குவாளோ. சட்டி பக்கம் திரும்பக்கூட மாட்டாள், ஜன்னலைப் பார்த்து நிற்பாள், திடீரென்று வந்து இறக்கிவிடுவாள். அளந்து பார்த்தால் இரண்டு டம்ளர்தான் இருக்கும். அதுவும் ஒரு திமிர். அப்படித்தான் நினைத்திருக்கிறார். அவள் அடுப்படியில் ஊமையாக நிற்கிற அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எப்படிப்பட்ட நேரம்? சொன்னால் வெட்கக்கேடு. சொல்லப்போவதில்லை, வாய்தான் பூட்டியிருக்கிறதே. ஆனால் நினைப்புக்குப் பூட்டு இல்லை. ரீத்தாவுக்குச் சிக்குன்குனியா வந்தபோது, அவருக்கே குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, அவர் தம்பிக்கு மஞ்சள்காமாலை தெளிந்தபோது, அவள் சட்டியை ஏற்றியதும் இவர் கூடத்து நாற்காலியை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். அவள் அண்ணன் மரியாதை தெரியாதவன். அவள் குழம்பில் புளி அதிகம். ரீத்தாவைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது யார். மாதாகோயிலில் பாட்டுக்குழுவில் சேர வேண்டுமென்று அவள் கேட்டாள் ஒரு தடவை, கல்யாணத்துக்கு முன்னால் பாடினவளாம், அதற்கு இவர் சொன்ன பதில்கூட இப்படி ஒரு சாறு நேரத்தில்தான். பதிலுக்கு வாயைத் திறக்க முடியாத ஆளிடம் பேசுகிற சுகம். எதிரில் ஆளே இல்லாத மைதானத்தில் கோல் போடுகிறவனைப் போல. அவள் கரண்டியைக்கூட சத்தம் போடாமல் வைப்பாள். இறக்கின பிறகாவது திருப்பிக் கேட்பாளா? கேட்கமாட்டாள். சாறு கொடுக்கிற வேலை வந்துவிடும். ஆறிப்போன சண்டையைச் சூடு பண்ண அவளுக்குத் தெரியாது. ஆறு டம்ளரில் ஒரு விரல் உயரம் குறைந்திருந்தது. போன் அடித்தது. ரீத்தா. எடுத்து என்ன பண்ண? அடிக்கட்டும். நின்றது. மறுபடி அடித்தது. ஐயோ, எடுக்காவிட்டால் அம்மாவுக்கு என்னவோ என்று பெங்களூரில் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொள்வாளே. கூப்பிட்டால் எடுக்காத அப்பன். கூப்பிட்டால் வராத... அந்தப் பக்கம் போகாதே என்றால் கால் அங்கேதான் போகிறது. போன் அடித்து ஓய்ந்தது. பிரிட்ஜுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளை டப்பா. காதுக்கு மாட்டுகிற மெஷின். ரீத்தா வாங்கி அனுப்பியது. “உங்களுக்குக் காது கேக்கலேன்னுதான் இவ்வளவும் ஆச்சு, இனிமே மாட்டிக்குங்கப்பா.” பிரிக்கவே இல்லை. ரீத்தாவிடம் சொன்னார், டாக்டரிடம் சொன்னார், பார்க்க வந்த சாமியாரிடம் சொன்னார்: வொர்க்‌ஷாப் காது, முப்பத்தாறு வருஷம் இரும்பைத் தட்டின காது, கேக்கல. எல்லோரும் தலையாட்டினார்கள். யாராவது ஒருத்தன் நம்பாமல் முறைத்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. எல்லாரும் நம்பித் தொலைக்கிறார்கள்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. வொர்க்‌ஷாப் சங்கு. ஜன்னல் கம்பி அதிரும். அன்றைக்கும் இந்தச் சங்குதான். காலையில் சண்டை, காப்பியில் சர்க்கரை போட்டுவிட்டாள் என்று, சர்க்கரை வியாதிக்காரனைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டதற்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குளிக்கப் போனாள். இவர் பேப்பரை விரித்தார். பாத்ரூமிலிருந்து “ஏங்க” என்றாள். துண்டை மறந்திருப்பாள். கூப்பிடட்டும். “ஏங்க.” வாய் ஓயும்வரைக்கும் கூப்பிடட்டும், திமிர் இறங்கட்டும். மூன்றாவது “ஏங்க” வேறு மாதிரி இருந்தது. அடியில் காற்று இல்லாத மாதிரி. பேப்பரில் நாலாம் பக்கம். திருப்பினார். ஐந்தாம் பக்கம். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. சங்கு ஊதினது, பசித்தது, எழுந்து போனார். ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவனும் என்னவெல்லாமோ கேட்டான், அவள் கேட்கவில்லை. அதுதான் அவரைக் கொல்கிறது. கேளேண்டி. கேட்டுத் தொலையேண்டி. கேட்டால் கத்தலாம், காது கேக்கலேடி என்று கூரை பறக்கக் கத்தலாம், சோப்பைத் தரையில் போட்டுவைத்தது யார் என்று திருப்பி விரட்டலாம். கேட்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துப் பட்டினி கிடந்தால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? ஸ்கேலை எடுத்துச் சட்டிக்குள் விட்டார். ஆவி கையைச் சுட்டது. வாய்வரைக்கும் வந்த வார்த்தையைக் கடித்து விழுங்கினார். எழுபத்தேழு. இன்னும் பாதிகூட வற்றவில்லை. சனியன், இந்தச் சாறு, இந்த அடுப்பு, இந்த... “மிளகு ஜாஸ்தி” என்றது ஒரு குரல்.

இன்னாசிமுத்து அசையவில்லை. கைக்குள் ஸ்கேல் சுட்டுக்கொண்டே இருந்தது. பதினோரு நாளாக ‘ம்’ தவிர ஒன்றும் வராத அறையிலிருந்து. காய்ந்துபோன குரல், ஆனால் அவள் குரல். “வாசத்துலயே தொண்டை கமறுது. எவ்வளவு போட்டீங்க?” அவர் வாய் தானாகத் திறந்தது. இரண்டு ஸ்பூன் என்று சொல்ல நாக்கு மேலே போய்விட்டது. மூடினார். பல் பல்லோடு மோதுகிற சத்தம் தலைக்குள் கேட்டது. “ஏங்க?” ஸ்கேலை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். “ஏங்க, உங்களைத்தான்.” கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார், இருக்கிறேன் என்பதற்கு. உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறாள் என்று நினைத்தார். இருமல் இல்லை, சிரிப்பு. “சட்டி ஏறிடுச்சா? நீங்களா வாயை மூடிக்கிட்டு நிக்கிறீங்க? மாதாவே, இதைப் பாக்குறதுக்கா உசுரை வச்சிருந்தே.” என்ன கொழுப்பு பார் என்று நினைத்தார், நினைக்கிறபோதே கண்ணாடியில் ஆவி படிந்ததைப் போலப் பார்வை மங்கியது. கரித்துணியால் துடைத்தார். மிளகுக் காரம் அதில் ஒட்டியிருந்து கண் தீயாக எரிந்தது. அதற்கும் கத்த முடியாது. “எறக்குறவரைக்கும் பேசமாட்டீங்கல்ல?” என்றாள் சலேத்து. தட்டினார். “சத்தியமா?” தட்டினார், கொஞ்சம் பலமாக. “அப்ப எனக்கு ஒரு மணி நேரம் இருக்கு.” குரல் அவர் பக்கமாக வந்தது. சுவரிலிருந்து திரும்பிப் படுத்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஆரம்பித்தாள். ரீத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு அவளுடைய அண்ணனைப் பந்தியில் கடைசியில் உட்காரவைத்தது. “மறந்துட்டேன்னு நெனச்சீங்களா? எலைக்கு மேல ஈ ஒக்காந்திருந்துச்சு, அதுவரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு.” கல்யாணமாகி இரண்டாம் வருஷம் வேளாங்கண்ணிக்குப் போகையில் தஞ்சாவூர் பிளாட்பாரத்தில் அவள் தண்ணீர் பிடிக்க இறங்கினபோது, ரயில் நகர்ந்தபோது, இவர் கதவில் நின்று சிரித்தது. “ஓடி வந்து ஏறுனேன். வயித்துல ரெண்டு மாசம். ஒங்ககிட்ட சொல்லல. அடுத்த வாரம் அது போச்சு. ஓடுனதால போச்சோ, தானாப் போச்சோ, அதுவும் சொல்லல.” கரண்டி அவர் கையில் நின்றது. தெரியாது. நாற்பது வருஷமாகத் தெரியாது. யாரைக் கேட்டாய் சொல்லாமல் விட என்று உள்ளே ஒரு கத்தல் எழும்பியது, அதைத் தொண்டையில் பிடித்து நிறுத்தியபோது அது கத்தலாக இல்லாமல் வேறென்னவோவாக மாறிப் போனது. அவள் நிறுத்தவில்லை. “பாட்டுக்குழுவுல சேரவான்னு கேட்டேன். நீங்க பதில் சொன்னப்ப ரீத்தாவுக்குச் சாறு வச்சுக்கிட்டிருந்தேன். ஒன் கொரலுக்கு இங்க எவன் அழுவுறான்னீங்க. அப்புறம் நான் குளிக்கறப்பகூடப் பாடுனதில்ல. குளிக்கறப்ப...” நின்றது குரல். அவருக்குத் தெரியும், அடுத்தது எது என்று. பதினோரு நாளாகக் கேள் கேள் என்று அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது வந்துவிட்டது, வந்ததும் ஓட வேண்டும்போல இருந்தது. “அன்னிக்கு மூணு தடவை கூப்பிட்டேன். பேப்பர் திருப்புற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் கூப்பிட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சுல்ல?”

வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். வொர்க்‌ஷாப் காது. ரெடியாக நாக்கின் நுனியில் இருக்கிறது, இத்தனை நாள் பழகிய பொய், தேய்ந்த நட்டைப் போலச் சுலபமாகக் கழன்றுவிடும். சட்டியை இறக்கிவிட்டுச் சொல்லலாம். இல்லை, எது எப்படிப் போனாலென்ன என்று இப்போதே சொல்லலாம், இது என்ன மோயீசனுக்குக் கடவுள் கொடுத்த கட்டளையா. அடுப்படியிலிருந்து அறை வாசலுக்கு ஒன்பது தப்படி. அன்றைக்கு நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு ஏழு. கரண்டியோடு நடந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னம் ஒட்டி, மூக்கு பெரிதாகி, கண் மட்டும் பழையபடி. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். ஒரு தடவை. அவளுக்குத் தெரியவில்லையோ என்று இன்னொரு தடவை. கரண்டியிலிருந்து சாறு தரையில் சொட்டியது. திட்டுவாள் என்று காத்திருந்தார். அழுவாள் என்று காத்திருந்தார். “ம்” என்றாள். இத்தனை நாள் சொன்ன ‘ம்’ இல்லை, இது வேறு. “தெரியும். ஒங்க வாய் தெறந்திருக்கறப்ப கேட்டிருந்தா இல்லேம்பீங்க. அதான் கேக்கல.” பிறகு, “தரையெல்லாம் சொட்டுது, போங்க. வழுக்கி நீங்களும் விழுந்தா யாரு சாறு வைப்பா?” என்றாள். போனார். நெஞ்சுக்குள் இன்னும் கோபம் கொதித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் யார்மேல் என்று தேடினால் ஓர் ஆள்தான் அகப்பட்டான். அவனைத் திட்டவும் இப்போது முடியாது. ஸ்கேலை விட்டுப் பார்த்தார். ஐம்பத்திரண்டு. இன்னும் இருபத்தொன்று வற்ற வேண்டும். “சத்தம் மாறிடுச்சு” என்றாள் உள்ளிருந்து. “கொதி கனத்துப் போச்சு. ரெண்டு டம்ளர்தான் இருக்கும், எறக்குங்க.” ஸ்கேலைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். கறி. மடையன், சட்டிக்குள் ஒரு கோழி கிடக்கிறது, வெறும் சட்டியில் அளந்தால் அது எப்படிச் சரியாக வரும்? முப்பத்தாறு வருஷ ஃபிட்டர். அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள், ஜன்னலைப் பார்த்து நின்றபடி, இவர் கத்தின கத்தலுக்கு நடுவில் கொதியை மட்டும் பிரித்துக் கேட்டிருக்கிறாள். “எறக்கிட்டுப் பேசுங்க, பேச வேண்டியதை. பாவம், வாய் அரிக்குமே ஒங்களுக்கு.” கரித்துணியை மடித்துச் சட்டியின் இரண்டு பக்கமும் பிடித்தார். இறக்கினால் வாய் திறக்கும். இந்த வாயை அவருக்குத் தெரியும். திறந்தால் மன்னிப்பில் ஆரம்பித்தாலும் சோப்பில்தான் போய் முடியும், உன் அண்ணனில் முடியும், யாரைக் கேட்டு வயிற்றுப்பிள்ளையை மறைத்தாய் என்பதில் முடியும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். பிடியை விட்டார். டம்ளரை எடுத்தார். குடத்தில் மொண்டார். ஊற்றினார். ஸ்ஸ் என்று சட்டி அடங்கியது. வீடே அடங்கியது. “தண்ணியா ஊத்துனீங்க?” தட்டினார். “எத்தனை டம்ளர்?” ஒரு தட்டு. அவள் யோசிப்பது கேட்டது. யோசிப்பதற்கும் ஒரு சத்தம் இருக்கிறது, அவருக்குக் கேட்கிறது, வொர்க்‌ஷாப் காதுக்கு. “ஒரு டம்ளர்னா கால் மணி நேரம் தாங்கும்” என்றாள் சலேத்து. “அதுக்குள்ள ரீத்தா கல்யாணத்தைச் சொல்லி முடிச்சிரலாம். அப்புறம் குடிக்கிறேன். உப்பு கொஞ்சமாப் போடுங்க.” நாற்காலியை இழுத்து அறை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் போட்டார். உட்காரப் போனவர் மறுபடி எழுந்து வந்து, குனிந்து, தீயைக் குறைத்தார்.